பெல்ஹாப் ரிவ்யூ: என்வ் ஃபைல்ல என்ன எழுதுறீங்களோ அதுதான் உங்க கடல்

தண்ணிக்கடியில சவுண்ட் எப்படிப் போகும்னு கணக்குப் போடுற சாஃப்ட்வேர் எதை வாங்கலாம்னு இந்த வருஷம் மட்டும் நாலு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க, நாலு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன், வாங்க வேணாம், முதல்ல பெல்ஹாப்பை இறக்கி ஒரு மாசம் அதோட உக்காருங்கன்னு. மூணு வருஷமா கிட்டத்தட்ட தினமும் யூஸ் பண்றேன், அக்கௌஸ்டிக் மோடம் (தண்ணிக்கடியில சவுண்டாலயே டேட்டா அனுப்புற கருவி) டெஸ்ட் பண்ற டீம்ல வேலை, சென்னைக்கு வெளிய கடல்ல ரெண்டு மோடத்தை இறக்கி ஒண்ணுக்கொண்ணு பேச வைக்கிறது, கடலுக்குப் போறதுக்கு முன்னாடி எதிரொலி எவ்வளவு வரும், எவ்வளவு தூரம் கேக்கும்னு மாடல் போட்டு சொல்றது என் பொறுப்பு. அந்த அனுபவத்துல இருந்துதான் இந்த ரிவ்யூ. சாஃப்ட்வேரைப் பத்தி கொஞ்சமாவும் அதுக்குள்ள நாம போடுற நம்பர்களைப் பத்தி நிறையவும் இருக்கும், ஏன்னா என் அனுபவத்துல இது தப்பான பதில் சொன்ன ஒவ்வொரு தடவையும் காரணம் நாங்க போட்ட இன்புட்தான்.

தெரியாதவங்களுக்கு முதல்ல ரெண்டு வரி. பெல்ஹாப் மைக்கேல் போர்ட்டர் எழுதினது, ஃபோர்ட்ரான், முழுக்க ஃப்ரீ, சோர்ஸோட கிடைக்கும். அக்கௌஸ்டிக்ஸ் டூல்பாக்ஸ்னு ஒரு தொகுப்பு இருக்கு, அதுல கிராக்கன், ஸ்கூட்டர்னு வேற முறையில கணக்குப் போடுற மாடல்கள் எல்லாம் சேர்ந்து இதுவும் வரும். 1987-ல போர்ட்டரும் புக்கரும் எழுதின காஸியன் பீம் பேப்பர்தான் இதுக்கு அடிப்படை. சவுண்டை கதிர் கதிரா பிரிச்சு, ஒவ்வொரு கதிரும் எங்க வளையுது, மேல எப்போ மோதுது, தரையில எப்போ மோதுதுன்னு தொடர்ந்து போயி கணக்கு பண்ணும். இன்புட் மொத்தமும் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அதை எல்லாரும் என்வ் ஃபைல்னுதான் சொல்லுவோம். பாக்க சின்னதா இருக்கும், நோட்பேட்ல திறந்தா ஒரு ஸ்கிரீன்கூட நிறையாது. ஆனா அந்த ஃபைல்லதான் மொத்தக் கடலும் இருக்கு.

இன்ஸ்டால் பண்றது பெரிய விஷயம் இல்ல, விண்டோஸ்ல ரெடியா எக்ஸி கிடைக்கும், லினக்ஸ்ல ஜிஃபோர்ட்ரான் இருந்தா கம்பைல் ஆயிடும். முதல் நாள் அதோட வர்ற மங்க் ப்ரொஃபைல் எக்ஸாம்பிளை (ப்ரொஃபைல்னா எந்த ஆழத்துல எவ்வளவு சவுண்ட் ஸ்பீடுங்கிற பட்டியல்) ஓட்டிப் பாருங்க, 50 ஹெர்ட்ஸ், 5,000 மீட்டர் ஆழம், 100 கிலோமீட்டர் தூரம், கதிர்கள் எல்லாம் மேலயும் கீழயும் அலை அலையா வளைஞ்சு போற அந்தப் படம் வரும். அது வந்துட்டா உங்க இன்ஸ்டலேஷன் சரி. பிரச்சினை என்னன்னா எல்லாரும் அடுத்து அதே ஃபைலை காப்பி பண்ணி தன்னோட கடலுக்கு மாத்த ஆரம்பிப்பாங்க, அங்கதான் வம்பு. அந்த ஃபைல்ல 51 0.0 5000.0-ன்னு ஒரு வரி இருக்கும், புதுசா வர்றவங்க எல்லாருமே அந்த 51 சவுண்ட் ஸ்பீடு பாயிண்ட்டுகளோட எண்ணிக்கைன்னு நினைச்சுக்குவாங்க, நானும் அப்படித்தான் ரெண்டு வாரம் எண்ணி எண்ணிப் போட்டுட்டு இருந்தேன். அது கிராக்கனுக்கான மெஷ் எண்ணிக்கை, அதாவது கணக்குக்காக ஆழத்தை எத்தனை துண்டாப் பிரிக்கணும்ங்கிறது, பெல்ஹாப் அதை கண்டுக்கவே கண்டுக்காது. பெல்ஹாப்புக்கு முக்கியம் அந்த வரியில கடைசியா இருக்கிற ஆழம். கீழ எழுதுற ப்ரொஃபைலோட கடைசி பாயிண்ட் அந்த ஆழத்துல போய் முடியணும், வரியில 24.0-ன்னு போட்டுட்டு ப்ரொஃபைலை 23.8-ல நிறுத்தினா, அதுக்கடுத்த வரியையும் ப்ரொஃபைல்னு நினைச்சு படிக்கப் போயி எர்ரர் அடிச்சு நிக்கும். அந்த எர்ரர் ஃபோர்ட்ரான் பாஷையில வரும், புதுசா வந்தவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

அதே மாதிரி மேனுவல் பிடிஎஃப்ல இருந்து காப்பி பேஸ்ட் பண்ணும்போது மேற்கோள் குறி வளைஞ்ச குறியா மாறிடும், அப்பவும் படிக்காது. நேர் குறி மட்டும்தான். சின்ன விஷயம்தான், ஆனா ஒரு சாயங்காலம் முழுக்க போயிடும்.

இப்போ சவுண்ட் ஸ்பீடு. ஆரம்பத்துல எங்க டீம்ல எல்லா மாடல்லயும் செகண்டுக்கு 1500 மீட்டர்னு போட்டு வச்சிருந்தாங்க, எல்லா டுடோரியல்லயும் அதானே இருக்கு. நம்ம கடல் தண்ணி 28 டிகிரி, உப்பு 34 கிட்ட, மெட்வின் ஃபார்முலாவுல போட்டுப் பாருங்க, 1540 வரும். 40 மீட்டர் வித்தியாசம்தானேன்னு தோணும். 1.5 கிலோமீட்டர் தூரத்துக்கு சவுண்ட் போய்ச் சேர 1500-ல ஒரு செகண்ட், 1540-ல 974 மில்லிசெகண்ட். அந்த 26 மில்லிசெகண்டை வச்சு தூரத்தை அளந்தீங்கன்னா 40 மீட்டர் தப்பு வரும். இன்னொண்ணு, நிறைய பேர் மனசுல ஒரு டிகிரிக்கு நாலரை மீட்டர்னு ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, அது சில்லுன்னு இருக்கிற தண்ணிக்கு. 28 டிகிரியில ஒரு டிகிரி கூடினா ரெண்டு, ரெண்டே கால் மீட்டர்தான் கூடும். உப்பு ஒரு யூனிட் கூடினா ஒரு மீட்டர் சொச்சம். ஆழம் நூறு மீட்டருக்கு 1.6 மீட்டர். இந்த மூணு நம்பரும் மனப்பாடமா இருந்தா ப்ரொஃபைலைப் பாத்த உடனேயே இது நம்ம கடலா இல்லையான்னு சொல்லிடலாம்.

வங்கக் கடல்ல உப்பை ஒரே நம்பரா வச்சுட்டு போறது பெரிய தப்பு. கங்கை, பிரம்மபுத்திரா கொண்டு வந்து கொட்டுற நல்ல தண்ணி வடக்குல மேலாப்புல படுத்திருக்கும், அக்டோபருக்கு மேல கரையோர நீரோட்டம் தெக்க பாக்க ஓட ஆரம்பிச்சா அந்த உப்பு கம்மியான தண்ணி நம்ம கரை வரைக்கும் வரும். மேல உப்பு கம்மி, கீழ உப்பு ஜாஸ்தி, வடக்குப் பக்கம் குளிர்காலத்துல மேல இருக்கிறதை விட கீழ சூடா இருக்கிற இடம்கூட உண்டு. மே மாசம் எடுத்த ப்ரொஃபைலை நவம்பர் மாடல்ல போட்டீங்கன்னா கதிர் வளையுற திசையே மாறிடும். அதனால சிடிடி (தண்ணியில இறக்கி ஆழத்துக்கு ஆழம் வெப்பம், உப்பு அளக்குற கருவி) இல்லாம மாடலை நம்பாதீங்க, வாடகைக்காவது எடுங்க. நாங்க காலையில ஒரு தடவை, மதியம் ஒரு தடவை இறக்குவோம்.

ஏன் ரெண்டு தடவைன்னு கேட்டா இதைப் பாருங்க. 24 மீட்டர் ஆழம், மேல இருந்து கீழ போறதுக்குள்ள ஒரே ஒரு டிகிரி குறையுதுன்னு வைங்க, வெயில் ஏறின மதியத்துல அது சாதாரணம். சோர்ஸ் 8 மீட்டர்ல, ரிசீவர் 12 மீட்டர்ல. அந்த ஒரு டிகிரி போதும், கதிர் எல்லாம் கீழ வளைய ஆரம்பிச்சு, 1,200, 1,300 மீட்டர் தாண்டினா நேரா வர்ற பாதையே கிடையாது, தரையில பட்டு வர்றது மட்டும்தான் கேக்கும். காலையில ஒன்றரை கிலோமீட்டர்ல நல்லா பேசின மோடம் மதியம் ஏன் திணறுதுன்னு நாங்க பேட்டரியை எல்லாம் செக் பண்ணிட்டு இருந்தோம். ப்ரொஃபைலை மாத்திப் போட்டதும் பெல்ஹாப் அதை அப்படியே காட்டிடுச்சு. அன்னிக்குத்தான் இந்த சாஃப்ட்வேர் மேல எனக்கு மரியாதை வந்துச்சு.

சிடிடி டேட்டாவை அப்படியே பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பாயிண்ட்டா கொட்டிடாதீங்க, அதுல இருக்கிற நாய்ஸ் எல்லாம் கதிரை அங்கங்க உடைச்சு இல்லாத ஃபோகஸை எல்லாம் காட்டும். மீட்டருக்கு ஒரு பாயிண்ட்டா ஆவரேஜ் பண்ணிட்டுப் போடுங்க. என்வ் ஃபைல்ல ஆப்ஷன் வரின்னு எழுத்து எழுத்தா ஒரு வரி இருக்கும், அதுல முதல் எழுத்து எஸ்னு போட்டா ஸ்ப்லைன், அதாவது பாயிண்ட்டுகளை வளைகோடா இணைக்கும், படம் வழவழன்னு அழகா வரும், ஆனா பாயிண்ட்டுகளுக்கு நடுவுல அதுவா ஒரு மேடு பள்ளம் போட்டுக்கும். கடல்ல எடுத்த டேட்டாவுக்கு நான் எப்பவும் சி தான், நேர்கோடு, அதுக்கு மேல ஆசைப்படுறதில்ல.

இப்போ தரை. இந்த ரிவ்யூவை எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்.

என்வ் ஃபைல்ல தரைக்கு ஒரு வரிதான். ஆழம், தரைக்குள்ள சவுண்ட் ஸ்பீடு, ஷியர் ஸ்பீடு (தரைக்குள்ள குறுக்கா அதிர்ற அலையோட ஸ்பீடு), அடர்த்தி, அப்புறம் எவ்வளவு உறிஞ்சும்ங்கிற நம்பர். எங்க பழைய ஃபைல்ல இருந்த வரி 24.0 1650.0 0.0 1.9 /. எல்லா பாடப் புத்தகத்துலயும் இருக்கிற டேபிள்ல இருந்து எடுத்த மணல் நம்பர், 1650 மீட்டர், 1.9 கிராம். கடைசியில ஒரு சாய்கோடு. அந்த சாய்கோடு ஃபோர்ட்ரான்ல "மீதியை நான் எழுதல, ஏற்கனவே இருக்கிறதை வச்சுக்கோ"ன்னு அர்த்தம். உறிஞ்சுற நம்பருக்கு ஏற்கனவே இருக்கிறது பூஜ்யம். அதாவது எங்க மாடல்ல இருந்த மணல் ஒரு துளி சவுண்டைக்கூட குடிக்காத மணல். பெல்ஹாப் எர்ரர் காட்டாது, வார்னிங் காட்டாது, ஏன்னா நாம சொன்னதை அது சரியாத்தான் செஞ்சிருக்கு.

அது என்ன பண்ணுச்சுன்னா, தண்ணி 1540, தரை 1650-ன்னா 21 டிகிரிக்குக் கீழ தரையில மோதுற எல்லாக் கதிரும் முழுசா திரும்பி வரும். ஒன்றரை கிலோமீட்டருக்கு 21 டிகிரியில மேலயும் கீழயும் குதிச்சுக் குதிச்சு வர்ற கதிர், நேரா வர்றதை விட 70 மில்லிசெகண்ட் கிட்ட லேட்டா வரும். தரை எதையும் உறிஞ்சாதுங்கிறதால அது நல்ல பலத்தோடயே வந்து சேருது. ஆக மாடல் சொல்லுச்சு, எதிரொலி வால் 70 மில்லிசெகண்ட் நீளம்னு. நாங்க அதை நம்பி ஒவ்வொரு டேட்டா துண்டுக்கும் நடுவுல அவ்வளவு இடைவெளி விட்டு டிசைன் பண்ணோம். ஸ்பீடு பாதாளத்துக்குப் போயிடுச்சு. கடல்ல போய் அளந்தா வால் 18, 20 மில்லிசெகண்ட்ல அடங்கிடுது. மாடலுக்கும் கடலுக்கும் ஏணி வச்சாலும் எட்டல.

காரணம் கண்டுபிடிச்சது நான் இல்ல, எங்க போட் அண்ணன். காசிமேட்டுக்காரர், அம்பது வயசுக்கு மேல. டெஸ்ட் முடிஞ்சு நங்கூரத்தை இழுத்துட்டு இருக்கும்போது நான் எங்க சீனியர்கிட்ட தரை மணல்தான் சார், அதான் இவ்வளவு எதிரொலின்னு பேசிட்டு இருந்தேன். அவர் காதுல விழுந்துடுச்சு. நங்கூரத்து நுனியில ஒட்டியிருந்ததை விரலால வழிச்சு என் உள்ளங்கையில வச்சாரு, கருஞ்சாம்பல் கலர்ல களி மாதிரி இருந்துச்சு, கெட்டுப்போன முட்டை மாதிரி லேசா ஒரு வாடை.

"தோ பாரு தம்பி, மணலு எங்க கீது? மணலெல்லாம் கரையாண்ட. இங்க சேறு. வடக்கால கொஞ்சம் போனா பாரு வரும், அங்க வலை போட்டா கிழிஞ்சிரும்."

"எவ்வளவு தூரத்துக்குண்ணே சேறு?"

"நீங்க இறக்குனது ரெண்டும் சேத்துலதான் கீது. நான் முப்பது வருசமா இங்கதான் நங்கூரம் போடறேன்."

விரலுக்கு நடுவுல தேச்சுப் பாத்தேன், நறநறன்னு ஒண்ணும் இல்ல, மாவு மாதிரி இழையுது. அதுல கொஞ்சத்தை ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்து லேப்ல குடுத்தோம், வண்டலும் களியும்னு ரிசல்ட் வந்துச்சு. லட்சக்கணக்குல செலவு பண்ணி டெஸ்ட் பண்ற நாங்க, தரை என்னன்னு அந்த இடத்துல முப்பது வருஷமா நங்கூரம் போடுறவரை முதல் நாளே கேட்டிருக்கணும். இப்போ எந்த இடத்துக்குப் போனாலும் என்வ் ஃபைல் எழுதுறதுக்கு முன்னாடி போட்காரங்ககிட்ட அரை மணி நேரம் உக்காந்து பேசுறது என் வழக்கம் ஆயிடுச்சு. எங்க சேறு, எங்க மணல், எங்க பார் (கடலடிப் பாறை), எங்க திடீர்னு ஆழம் கூடுது, எல்லாம் அவங்களுக்குக் கைரேகை மாதிரி தெரியும்.

சரி, வண்டல்னு தெரிஞ்சாச்சு, டேபிளைப் பாத்து 1575-ன்னு போட்டுடலாமான்னா, அங்கயும் ஒரு குழி இருக்கு. அந்த டேபிள் தண்ணி 1500-ன்னு வச்சு எழுதினது. மணல்னா தண்ணியை விட 1.1 மடங்கு, வண்டல்னா 1.05 மடங்கு, களின்னா தண்ணி அளவேதான். அந்த மடங்கைத்தான் எடுத்துக்கணும், மீட்டரை இல்ல. நம்ம 1540 தண்ணிக்கு வண்டல் 1617 வரும், முழுசா திருப்பி அனுப்புற கோணம் 18 டிகிரி கிட்ட. அதை விட்டுட்டு 1575-ஐ அப்படியே போட்டா 12 டிகிரியாகிடும். களிக்கு 1500-ன்னு போட்டீங்கன்னா இன்னும் மோசம், தண்ணி 1540, தரை 1500, தரை தண்ணியை விட மெதுவாகிடும், முழுசா திரும்புற கோணமே இல்லாமப் போயிடும், படம் மொத்தமும் வேற மாதிரி வரும். தரை தண்ணியை விட மெதுவா இருக்கிற இடம் நிஜத்துலயும் உண்டு, ஆனா அது அளந்து தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம், டேபிளைத் தப்பா படிச்சு வரக்கூடாது.

கடைசியில நாங்க போட்ட வரி 24.0 1617.0 0.0 1.7 1.0 /. அந்த 1.0 வேவ்லெங்த்துக்கு ஒரு டெசிபெல் உறிஞ்சும்னு அர்த்தம், ஆனா அதுவும் மேல இருக்கிற ஆப்ஷன் வரியில மூணாவது எழுத்து டபிள்யூவா இருந்தாதான். அங்க எஃப்னு இருந்தா அதே 1.0 மீட்டருக்கு, கிலோஹெர்ட்ஸுக்குன்னு ஆயிடும், எம்னு இருந்தா வெறும் மீட்டருக்குன்னு ஆயிடும். மங்க் எக்ஸாம்பிள்ல எஃப்னு இருக்கும், அதை காப்பி அடிச்சவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இதுல விழுந்திருப்பாங்க. எங்க புது வரியோட ஓட்டினதும் வால் 20 மில்லிசெகண்ட் கிட்ட வந்து அடங்கிடுச்சு, கடல்ல அளந்ததும் அதுவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துச்சு. அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து இன்னமும் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன்.

அடுத்து தண்ணி உறிஞ்சுறது. ஆப்ஷன் வரியில நாலாவது எழுத்து டின்னு போட்டா தோர்ப் ஃபார்முலா. எல்லாரும் கண்ணை மூடிட்டு அதைத்தான் போடுறோம். தோர்ப் கணக்கு நாலு டிகிரி கிட்ட இருக்கிற சில்லுன்னு தண்ணிக்கானது. 25 கிலோஹெர்ட்ஸ்ல தோர்ப் சொல்றது கிலோமீட்டருக்கு 6 டெசிபெல். அதே 25 கிலோஹெர்ட்ஸுக்கு 28 டிகிரி தண்ணியில கணக்குப் போட்டா 3-க்குள்ளதான் வருது. பாதிகூட இல்ல. ரெண்டு கிலோமீட்டர் லிங்க்குக்கு 6 டெசிபெல்லுக்கு மேல நீங்களா நஷ்டத்தை எழுதிக்கிறீங்க, அதுக்காக பெரிய பவர் ஆம்ப்ளிஃபயர், பெரிய பேட்டரின்னு காசு போகும். டிக்கு பதிலா எஃப்னு போட்டு, அதுக்கடுத்த வரியில வெப்பம், உப்பு, பிஹெச், சராசரி ஆழம் நாலையும் குடுத்தா பிரான்சுவா-கேரிசன் ஃபார்முலாவுல கணக்குப் பண்ணும். நம்ம மாதிரி சூடான கடல்ல வேலை பண்றவங்க இதை மட்டுமாவது மாத்திக்கோங்க. குறைஞ்ச ஃப்ரீக்வென்சின்னா பரவால்ல, பெருசா தெரியாது.

தரையோட ஆழம் தூரத்துக்குத் தூரம் எப்படி மாறுதுன்னு எழுத பிடிஒய் ஃபைல். நெட்ல ஃப்ரீயா கிடைக்கிற ஜெப்கோங்கிற உலகக் கடல் ஆழ கிரிட் 15 ஆர்க் செகண்ட், நம்ம அட்சரேகையில சுமார் 450 மீட்டருக்கு ஒரு பாயிண்ட். ஒன்றரை கிலோமீட்டர் லிங்க்குக்கு நாலு பாயிண்ட் கிடைக்கும், அதுவும் கரையோரத்துல நம்பி வைக்கிற மாதிரி இருக்காது. போட்ல இருக்கிற எக்கோ சவுண்டரை ஆன் பண்ணி அந்த ரூட்லயே ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க, அலையேத்தம் நம்ம பக்கம் ஒரு மீட்டர் கிட்ட ஏறி இறங்கும், அதையும் நேரத்தைப் பாத்துக் கழிச்சுக்கோங்க. தரை எந்த இடத்துலயாவது சவுண்ட் ஸ்பீடு ப்ரொஃபைலோட கடைசி ஆழத்தை விட கீழ போனா ப்ரோகிராம் நின்னு, அதையே தெளிவா எழுதிக் காட்டும். இந்த எர்ரர் மெசேஜ் மட்டும் உண்மையிலேயே நல்லா எழுதியிருக்காங்க.

தூரம் எல்லாம் கிலோமீட்டர், ஆழம் எல்லாம் மீட்டர். இதை ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டிக்கோங்க. புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் ரிசீவர் தூரத்துல 1500-ன்னு மீட்டரா நினைச்சுப் போட்டுட்டாரு, கதிரை எதுவரைக்கும் தொடரணும்ங்கிற எல்லையான பாக்ஸ்லயும் 1600. லேப்டாப் ஓடிட்டே இருக்கு, ஃபேன் கத்துது, ஏன்னா நாங்க கேட்டது ஒன்றரை கிலோமீட்டர் இல்ல, போர்ட் பிளேரைத் தாண்டி இருக்கிற இடத்துக்கு, அதுவும் 24 மீட்டர் ஆழத் தண்ணியில. பிஆர்டி ஃபைலை திறந்த உடனே தெரிஞ்சுடுச்சு. இந்த பிஆர்டி ஃபைல்தான் பெல்ஹாப்ல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், நீங்க குடுத்ததை அது எப்படிப் புரிஞ்சுக்கிட்டதுங்கிறதை வரி வரியா திருப்பி எழுதிக் காட்டும், தரைக்கு உறிஞ்சுறது பூஜ்யம்னுகூட அங்க எழுதித்தான் இருந்துச்சு, நாங்க யாரும் படிக்கல. இப்போ எங்க டீம்ல பிஆர்டி ஃபைலை படிச்சவர் பேர் எழுதாம எந்தப் படமும் ரிப்போர்ட்டுக்குப் போகாது.

பீம் (கதிர்) எண்ணிக்கை, கதிரை ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நகர்த்தணும்ங்கிற ஸ்டெப் ரெண்டுக்கும் பூஜ்யம் போட்டா அதுவே முடிவு பண்ணிக்கும், ஆரம்பத்துக்கு அது போதும். அப்புறம் பீமை ரெண்டு மடங்கு ஆக்கி ஓட்டிப் பாருங்க, பதில் மாறுச்சுன்னா முன்னாடி போட்டது பத்தலன்னு அர்த்தம். கோணத்துல மைனஸ்னா மேல் பக்கம், ப்ளஸ்னா தரைப் பக்கம், நிறைய பேருக்கு இது தலைகீழா மனசுல இருக்கும். பாக்ஸ் தரையை விடக் கொஞ்சம் ஆழமா, ரிசீவரை விடக் கொஞ்சம் தூரமா இருக்கணும், சின்னதா போட்டா கதிர் பாதியிலயே செத்துடும். என்ன பதில் வேணும்னு சொல்ற ரன் டைப்ல 25 கிலோஹெர்ட்ஸுக்கு சி (அலைங்க ஒண்ணோட ஒண்ணு கூடிக் கழியுறதையும் கணக்குல எடுக்கிறது) போட்டு கலர் கலரா கோடு கோடா ஒரு படம் எடுத்து மேனேஜர்கிட்ட காட்டாதீங்க, வேவ்லெங்த் 6 சென்டிமீட்டர், உங்களுக்கு ஆழமே அரை மீட்டருக்குக் கரெக்டா தெரியாது, அந்தக் கோடு எதுவும் நிஜக் கடல்ல அந்த இடத்துல இருக்காது. சராசரி பலம் வேணும்னா ஐ, மோடம் வேலைக்கு ஏ, அதாவது எந்தக் கதிர் எப்போ எவ்வளவு பலத்தோட வருதுங்கிற லிஸ்ட்.

என்வ் ஃபைலை கையால எழுத பயமா இருக்குன்னா ஏஆர்எல்பைன்னு ஒரு பைத்தான் பேக்கேஜ் இருக்கு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தோட அக்கௌஸ்டிக் ரிசர்ச் லேப்ல இருந்து வந்தது, உள்ள அதே பெல்ஹாப்தான் ஓடும். நிஜமாவே அருமையான வேலை, பத்து வரியில எந்தக் கதிர் எப்போ வருதுங்கிற லிஸ்ட், எதிரொலி படம் எல்லாம் வந்துடும், காலேஜ் பசங்களுக்கு நான் இதைத்தான் முதல்ல குடுப்பேன். தூரம் அதுல மீட்டர், அடர்த்தி கிலோகிராம்ல, மனுஷங்க நினைக்கிற மாதிரி யூனிட். ஆனா எதுவுமே குடுக்காம விட்டாலும் ஓடும்: 25 மீட்டர் ஆழம், 1500 சவுண்ட் ஸ்பீடு, தரை 1600, உறிஞ்சுறது 0.1, 25 கிலோஹெர்ட்ஸ், எல்லாம் அதுவே வச்சுக்கும். அந்த நம்பர் எல்லாம் நம்ம வேலைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிறதால சந்தேகமே வராது, அதான் பயம். ஒரு தடவை அது எழுதுற என்வ் ஃபைலை திறந்து பாத்தா தண்ணி உறிஞ்சுறதுக்கு அதே டி எழுத்துதான், தோர்ப். அதனால ஏஆர்எல்பை யூஸ் பண்ணாலும் என்வயர்ன்மெண்ட்டை பிரிண்ட் பண்ணிப் பாத்துட்டு, உங்க கையால மாத்தாத ஒவ்வொரு நம்பருக்கும் இது எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களையே கேளுங்க.

எதுக்கு பெல்ஹாப் வேணாம்னும் சொல்லிடணும். துறைமுகத்துல தரைக்குள்ள தூண் அடிச்சு இறக்குற சத்தம், கப்பல் இன்ஜின் சத்தம் மாதிரி 100 ஹெர்ட்ஸ் வேலைக்கு ஆழமில்லாத கடல்ல இதைத் தொடாதீங்க. 100 ஹெர்ட்ஸ்ல வேவ்லெங்த் 15 மீட்டர், 24 மீட்டர் தண்ணிக்குள்ள ஒன்றரை வேவ்லெங்த்தான் அடங்கும், கதிர்ங்கிற கணக்கே அங்க செல்லாது. பெல்ஹாப் அப்பவும் ஒரு படம் குடுக்கும், அதுதான் ஆபத்து. அதுக்கு கிராக்கன், இல்லன்னா அமெரிக்க நேவல் ரிசர்ச் லேப்ல மைக்கேல் காலின்ஸ் எழுதின ராம்ங்கிற மாடல். ராம்ல இன்புட் தலைவலி வேற மாதிரி, கிரிட் ஸ்டெப், கணக்கோட துல்லியத்தைத் தீர்மானிக்கிற பாடே எண்ணிக்கை, கீழ சவுண்ட் திரும்பி வராம இருக்க ஒரு உறிஞ்சுற லேயர், அதைத் தனியாத்தான் எழுதணும்.

குறைகள்னு பாத்தா, மேனுவல் 2011-ல வந்த ப்ரிலிமினரி டிராஃப்ட், அதுக்கப்புறம் சேர்ந்த சில ஆப்ஷன்களை சோர்ஸ் கோடைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். 3டி ஓட்டினா ரொம்ப நேரம் எடுக்கும், அதுக்கு அமெரிக்காவுல இருக்கிற ஸ்கிரிப்ஸ் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து வந்த ஜிபியூ வெர்ஷன் இருக்கு, கிராஃபிக்ஸ் கார்டு வச்சிருக்கிறவங்க அதைப் பாருங்க. விடுபட்ட நம்பருக்கு ஒரு வார்னிங் குடுத்தா எத்தனையோ பேர் தப்பிச்சிருப்பாங்க, அது மட்டும் எனக்கு உண்மையிலேயே வருத்தம். மத்தபடி அஞ்சுக்கு நாலரை. காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர்ல மெனு, மேப், கலர் எல்லாம் நல்லா இருக்கும், ஆனா தரை என்ன, தண்ணி எவ்வளவு சூடுன்னு அதுவும் நம்மகிட்டதான் கேக்கும்.

எங்களுக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. போன மாசம் காத்து கொஞ்சம் அடிச்ச அன்னிக்கு அளந்ததுல முதல் ரெண்டு எதிரொலி மாடலோட பொருந்துது, மூணாவது மாடல் சொல்றதை விட ரொம்ப பலவீனமா, ஒவ்வொரு தடவையும் இடம் மாறி வருது. ஆப்ஷன் வரியில நாங்க இன்னும் மேற்பரப்பை கண்ணாடி மாதிரி தட்டையாத்தான் வச்சிருக்கோம். அடுத்த தடவை அலை உயரத்தையும் அளந்து, ஏடிஐ ஃபைல்ல அலையை எழுதி ஓட்டிப் பாக்கணும், போட் அண்ணன்கிட்ட வர்ற வாரத்துக்கு சொல்லி வச்சாச்சு.